இங்கிலாந்தில் புது வீடு கட்டுவோருக்கு: எரிசக்தி, தண்ணீர், ஒலி, காற்றுச் சோதனைகளைத் தாண்டும் வழி

ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் பின் தோட்டத்தில் தனி வீடு எழுப்புகிறவர்கள், பழைய வீட்டை வாங்கி இரண்டு ஃபிளாட்டாகப் பிரிக்கிறவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர். பிளானிங் அனுமதிக்காக மாதக்கணக்கில் அலைவார்கள், பில்டரிடம் கடைசிப் பவுண்டு வரை பேரம் பேசுவார்கள். ஆனால் கொட்டேஷனில் ‘டெஸ்டிங்’ என்று ஒரு வரி இருந்தால் அதைக் கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். சோதனை நடப்பது கடைசி வாரத்தில்தான், அது உண்மை. தேறுமா தேறாதா என்பது முடிவாவது அஸ்திவாரத்துக்கும் பிளாஸ்டர்போர்டுக்கும் இடையில். பெயின்ட் அடித்து முடித்த சுவரைத் திரும்ப உடைக்க வேண்டாம் என்றால், கீழே உள்ளதை வேலை தொடங்கும் முன்பே படித்துவிடுங்கள்.

இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு. ஸ்காட்லாந்துக்கும் வடக்கு அயர்லாந்துக்கும் தனிச் சட்டம். வேல்ஸில் பெயர்கள் ஒத்திருந்தாலும் எண்கள் சில இடங்களில் வேறு.

முதலில், உங்களுக்கு எவையெல்லாம் பொருந்தும்?

கட்டட விதிமுறைகள் ஆங்கில எழுத்துகளின் பெயரில் பகுதி பகுதியாக இருக்கின்றன. நமக்கு வேண்டியவை நான்கு. பார்ட் எல் எரிசக்திக்கு. காற்றுக்கசிவுச் சோதனையும் இதற்குள் வரும். பார்ட் எஃப் காற்றோட்டத்துக்கு. பார்ட் இ ஒலிக்கு. பார்ட் ஜி தண்ணீருக்கு. கோடையில் வீடு சூடாவதைப் பற்றி பார்ட் ஓ என்று ஒன்று 2022 முதல் சேர்ந்திருக்கிறது. அது சோதனை இல்லை, வரைபடக் கட்டத்தில் முடிகிற கணக்கு. பெரிய கண்ணாடிச் சுவர் வைக்கிற ஆசை இருந்தால் ஆர்க்கிடெக்டிடம் அதைத் தனியாகக் கேளுங்கள்.

நாலு பக்கமும் தனியாக நிற்கும் புது வீடு என்றால் எரிசக்திக் கணக்கு, காற்றுக்கசிவு, காற்றோட்டம், தண்ணீர் ஆகியவை போதும். ஒலிச் சோதனை தேவையில்லை. இன்னொரு வீட்டோடு சுவர் பகிர்ந்தால், அல்லது ஃபிளாட் என்றால், ஒலியும் சேரும். பழைய வீட்டை ஃபிளாட்டாகப் பிரிப்பவர்களுக்குக் காற்றுக்கசிவுச் சோதனை பொதுவாக இருக்காது. ஆனால் ஒலி, காற்றோட்டம், தண்ணீர் மூன்றும் உண்டு, ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் தனி இ.பி.சி. (வீட்டின் எரிசக்தித் தரம் காட்டும்) சான்றிதழும் வேண்டும். ‘கன்வெர்ஷன்தானே, எதுவும் கேட்கமாட்டார்கள்’ என்று சொல்லும் பில்டர் இருந்தால் அவரை மாற்றுவது நல்லது.

இதையெல்லாம் கேட்டுச் சரிபார்ப்பது பில்டிங் கண்ட்ரோல். கவுன்சில் ஆளாகவும் இருக்கலாம், பதிவு பெற்ற தனியார் ஆளாகவும் இருக்கலாம். விதிகள் அவ்வப்போது மாறும். உங்கள் வேலைக்கு எந்தப் பதிப்பு பொருந்தும் என்று விண்ணப்பம் போடும்போதே அவரிடம் எழுத்தில் கேட்டு வையுங்கள். நான் கீழே தரும் எண்களில் எரிசக்தி, காற்றுக்கசிவு, காற்றோட்டம் பற்றியவை 2022 ஜூன் 15-இல் அமலுக்கு வந்த பார்ட் எல், பார்ட் எஃப் பதிப்புகளிலிருந்து.

வேலை தொடங்கும் முன்: சாப் கணக்கு

சாப் என்பது வீட்டின் எரிசக்திக் கணக்கு. அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் உங்கள் வரைபடத்தையும் சுவர், கூரை, தரை, ஜன்னல் விவரங்களையும், ஹீட்டிங் என்ன, காற்றோட்டம் என்ன என்பதையும் கணினியில் போடுவார். அதே அளவில் ஒரு மாதிரி வீட்டைக் கணினியே எடுத்துக்கொண்டு அதோடு உங்கள் வீட்டை ஒப்பிடும். கார்பன் வெளியீடு, முதன்மை எரிசக்தி, கட்டுமானத்தின் வெப்பச் சிக்கனம் என்று மூன்று அளவுகோல்கள். மூன்றிலும் உங்கள் வீடு மாதிரி வீட்டை விட மோசமாக இருக்கக் கூடாது.

இந்தக் கணக்கு வேலை தொடங்குவதற்கு முந்தைய நாளுக்குள் பில்டிங் கண்ட்ரோலிடம் போய்ச் சேர வேண்டும். அஸ்திவாரம் தோண்டிய பிறகு சாப் செய்கிறவர்களைப் பார்க்கிறேன். அப்போது தரையின் இன்சுலேஷன் கனத்தை மாற்ற வழியே இருக்காது. கூரையிலோ சோலாரிலோ கூடுதல் பணம் போட்டு ஈடுகட்ட வேண்டியதுதான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. யூ வேல்யூ என்பது வெப்பம் வெளியேறும் அளவு, சிறிதாக இருந்தால் நல்லது. விதிப் புத்தகத்தில் சுவருக்கு யூ வேல்யூ 0.26, கூரைக்கு 0.16, தரைக்கு 0.18, ஜன்னலுக்கு 1.6 என்று உச்ச வரம்புகள் உண்டு. அந்த வரம்பைத் தொட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒப்பிடப்படும் மாதிரி வீட்டில் சுவர் 0.18, கூரை 0.11, தரை 0.13, ஜன்னல் 1.2. எல்லாவற்றையும் வரம்பில் வைத்துக் கட்டினால் மொத்தக் கணக்கு தேறவே தேறாது. ஓரிடத்தில் விட்டுக்கொடுத்தால் இன்னோரிடத்தில் பிடிக்க வேண்டும். கேஸ் பாய்லர் வைத்தால் பெரும்பாலும் கூரையில் சோலார் பேனலும் வரும், ஏனென்றால் மாதிரி வீட்டில் அது இருக்கிறது. ஹீட் பம்ப் வைத்தால் கணக்கு எளிதாகிவிடும்.

மதிப்பீட்டாளரிடம் அறிக்கையை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். எந்த இன்சுலேஷன், எந்த பிராண்ட், எத்தனை மில்லிமீட்டர், காற்றுக்கசிவுக்கு என்ன எண் போட்டிருக்கிறார் என்று ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தைப் பில்டர் கையில் கொடுங்கள். கடையில் அந்தச் சரக்கு இல்லை என்று பில்டர் வேறொன்றை வாங்கி வருவது தினமும் நடப்பது. 100 மில்லிமீட்டர் கெட்டி ஃபோம் போர்டும் 100 மில்லிமீட்டர் கம்பளி இன்சுலேஷனும் கனத்தில்தான் ஒன்று, வெப்பத்தைத் தடுப்பதில் இல்லை.

பாத்ரூம் சாமான் வாங்கும் முன்: தண்ணீர்க் கணக்கு

நான்கில் இதுதான் மலிவானது. யாரும் வந்து எதையும் அளக்கமாட்டார்கள், காகிதத்தில் முடிகிற கணக்கு. ஆனாலும் ஆட்கள் இதில் தவறுகிறார்கள். ஷோரூமில் பிடித்த ஷவரை முன்பணம் கொடுத்து வாங்கிவிட்ட பிறகுதான் கணக்கு நினைவுக்கு வரும்.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 125 லிட்டர் என்பது வரம்பு. பிளானிங் அனுமதியில் நிபந்தனை போட்டிருந்தால் 110. லண்டனில் புது வீட்டுக்கு 110 கேட்பதுதான் வழக்கம், ஆகவே அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளை வரி விடாமல் படியுங்கள். இரண்டு எண்ணிலும் வெளிப்புற உபயோகத்துக்கு 5 லிட்டர் அடக்கம்.

காட்ட இரண்டு வழி. ஒன்று, சாமான் பட்டியல் வழி. 125-க்கு டாய்லெட் 6/4 லிட்டர் இரட்டை ஃபிளஷ், ஷவர் நிமிடத்துக்கு 10 லிட்டர், குளியல் தொட்டி 185 லிட்டர், வாஷ்பேசின் குழாய் நிமிடத்துக்கு 6, சமையலறைக் குழாய் நிமிடத்துக்கு 8. ஒவ்வொன்றும் தன் வரம்புக்குள் இருந்தால் கணக்கே போட வேண்டாம். 110-க்கு அதே வரிசையில் 4/2.6, 8, 170, 5, 6. இரண்டாவது, கால்குலேட்டர் வழி. இதில் ஒன்று கூடினாலும் இன்னொன்றைக் குறைத்துச் சரிக்கட்டலாம்.

கால்குலேட்டரில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பெருக்கு எண் உண்டு. எது கனமானது என்று தெரிந்துகொண்டால் வாங்குவது எளிது. குளியல் தொட்டியும் இருக்கிற வீட்டில் ஷவரின் ஓட்டத்தை 4.37-ஆல் பெருக்குவார்கள். மேலே சொன்ன 125 பட்டியலை வாஷிங் மெஷின், டிஷ்வாஷரோடு சேர்த்துப் போட்டால் 124.4 வருகிறது, அதில் மூன்றில் ஒரு பங்கு ஷவருக்கு மட்டும். ஷவரை 10-லிருந்து 8-க்கு இறக்கினால் கிட்டத்தட்ட 8 லிட்டர் குறையும். மழை போலக் கொட்டும் 15 லிட்டர் ஷவர் வைத்தால் 144 தாண்டிவிடும், தேறாது. தொட்டியை 185-லிருந்து 170-க்குச் சுருக்கினால் மிச்சம் ஒன்றரை லிட்டர். சமையலறைக் குழாயை 8-லிருந்து 6-க்குக் குறைத்தால் ஒரு லிட்டர்கூட மிச்சமாகாது. பெரிய சட்டி பானை கழுவுகிற வீடு என்றால் குழாயை விட்டுவிட்டு ஷவரில் கை வையுங்கள் என்பது என் ஆலோசனை.

வாங்கும் கடையில் ஒவ்வொரு சாமானுக்கும் ஓட்ட அளவு அச்சிட்ட தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அளவு கூடுதலான குழாயில் சின்ன ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர் ஒன்றைப் போட்டால் பல சமயம் வேலை முடிந்துவிடும். தொட்டிக்கு வரும் சுடுதண்ணீர் 48 டிகிரியைத் தாண்டக் கூடாது என்றும் பார்ட் ஜி சொல்கிறது. பிளம்பர் மிக்ஸிங் வால்வு போட்டிருக்கிறாரா என்று தொட்டியின் பக்கப் பலகையை மூடும் முன் பாருங்கள்.

சுவர் எழும்போது: போட்டோ

2022 முதல் சாப் கணக்கோடு போட்டோ ஆதாரமும் வேண்டும். தரை இன்சுலேஷன், சுவர் இன்சுலேஷன், கூரை, ஜன்னல் கதவு ஓரங்கள், காற்று புகாமல் அடைத்த இடங்கள், ஹீட்டிங் சாதனங்கள். ஒவ்வொன்றையும் மூடும் முன் எடுக்க வேண்டும். போனில் இருப்பிடத்தைப் பதிவுசெய்யும் வசதியைத் திறந்து வையுங்கள்; தேதி, நேரம், இடம் படத்திலேயே பதிய வேண்டும். கோப்பின் பெயரில் மனை எண்ணும் எந்த இடம் என்பதும் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் இந்த விவரமெல்லாம் உதிர்ந்துபோயிருக்கும், அதனால் பில்டரிடம் அசல் கோப்பை ஈமெயிலில் கேளுங்கள். கான்கிரீட் போட்ட பிறகு தரை இன்சுலேஷனைப் படம் எடுக்க முடியாது, அவ்வளவுதான்.

ஒலி: பதிவா, சோதனையா?

புதுக் கட்டடத்துக்கு மட்டும் ஒரு குறுக்குவழி உண்டு. ரோபஸ்ட் டீடெய்ல்ஸ் என்ற திட்டத்தில் ஏற்கெனவே அங்கீகரித்த சுவர், தரை வடிவங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றைத் தேர்ந்து, வேலை தொடங்கும் முன்பே வீட்டைப் பதிவு செய்து கட்டணம் கட்டி, அந்த வரைபடத்தை அப்படியே பின்பற்றிக் கட்டினால் கடைசியில் ஒலிச் சோதனை வேண்டாம். சுவர் எழும்பிய பிறகு பதிவுசெய்ய முடியாது. பழைய வீட்டைப் பிரிப்பவர்களுக்கு இந்த வழி இல்லை, அவர்கள் சோதித்தே ஆக வேண்டும்.

சோதனையில் இரண்டு வகை. காற்றுவழி ஒலிக்கு ஒரு பக்கம் பெரிய ஸ்பீக்கரில் இரைச்சல் போட்டு மறுபக்கம் எவ்வளவு குறைகிறது என்று அளப்பார்கள். தட்டொலிக்கு மேல் தரையில் சின்னச் சுத்தியல்களால் தட்டும் இயந்திரத்தை வைத்து, கீழே எவ்வளவு கேட்கிறது என்று அளப்பார்கள். புதுக் கட்டடத்துக்குக் காற்றுவழியில் குறைந்தது 45 டெசிபல், தட்டொலியில் அதிகபட்சம் 62. பிரித்த வீட்டுக்கு 43-உம் 64-உம். முதல் எண் தடுக்கப்படும் அளவு, ஆகவே பெரிதாக இருந்தால் நல்லது. இரண்டாவது கேட்கிற அளவு, சிறிதாக இருந்தால் நல்லது. அறிக்கையைப் படிக்கும்போது இது குழப்பும்.

இரண்டு ஃபிளாட்டாகப் பிரித்த வீட்டில் தோல்வி பெரும்பாலும் நடுத்தரையில்தான். காரணங்கள் எல்லாம் சின்னவை. மேல்தரையின் அதிர்வு நேராக இறங்காமல் இருப்பதற்காகச் சீலிங்கை ரெசிலியன்ட் பார் என்ற மெல்லிய உலோகப் பட்டையில் தொங்கவிடுவார்கள். பிளாஸ்டர்போர்டு அடிக்கிறவர் நீள ஸ்க்ரூ போட்டு நேராக மரச் சட்டத்தில் இறக்கிவிட்டால் அந்தப் பட்டை இருந்தும் பயனில்லை. மேலே மிதக்கும் தரை போட்டு, அதன் மேல் ஸ்கர்ட்டிங்கை அழுத்தி அடித்தால் அதிர்வு சுவர் வழியே இறங்கிவிடும். இடையில் ஃபோம் பட்டை வேண்டும். சீலிங் முழுக்க ஓட்டை போட்டு டவுன்லைட் வைப்பது இன்னொன்று. பொதுச் சுவரில் இரண்டு வீட்டு ஸ்விட்ச் பெட்டிகளும் முதுகோடு முதுகு ஒட்டி இருப்பதும் அப்படித்தான். எலக்ட்ரீஷியன் வரும் நாளில் நீங்களோ உங்கள் ஆளோ அங்கே நிற்பது நல்லது.

சோதனை நாளுக்குக் கதவு, ஜன்னல், ஸ்கர்ட்டிங், பிளக் பாயின்ட் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். கார்பெட் விரித்திருக்கக் கூடாது, அறை காலியாக இருக்க வேண்டும், மின்சாரம் வேண்டும், பக்கத்தில் யாரும் ட்ரில் போடக் கூடாது. 10 வீட்டுக்கு ஒரு தொகுதிச் சோதனை என்பது குறைந்தபட்சம்; இரண்டே ஃபிளாட் என்றாலும் ஒரு தொகுதி வேண்டும். பக்கத்து வீட்டோடு பகிரும் சுவரும் சோதனையில் சேருமா என்று பில்டிங் கண்ட்ரோலிடம் முன்பே கேளுங்கள். சேரும் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் தன் அறைக்குள் மைக்ரோபோனோடு ஆளை விட வேண்டும். ஒரு வருடமாக உங்கள் தூசியைச் சகித்தவரிடம் கேட்கிற உதவி அது, முதலிலிருந்தே நல்லபடியாக இருந்துகொள்ளுங்கள். சோதிக்கிறவர் யூகாஸ் அங்கீகாரமோ ஏ.என்.சி. பதிவோ பெற்றவரா என்று பாருங்கள்.

காற்றுக்கசிவுச் சோதனை

வாசல் கதவில் பெரிய மின்விசிறியைப் பொருத்தி வீட்டுக்குள் 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசத்தை உண்டாக்குவார்கள். அதைத் தாங்க எவ்வளவு காற்று ஓட வேண்டியிருக்கிறது என்பதை வீட்டின் வெளிப்பரப்பால் வகுத்தால் விடை. வெளிச் சுவர், கூரை, தரை எல்லாம் சேர்ந்து 250 சதுர மீட்டர் உள்ள வீட்டில் மணிக்கு 1,250 கன மீட்டர் காற்று கசிந்தால் எண் 5. மேல் வரம்பு 8. மாதிரி வீட்டில் இருப்பது 5. 4 பாஸ்கலில் அளக்கும் பல்ஸ் என்ற முறையும் ஏற்கப்படுகிறது. அதில் வரம்பு 1.57. முன்பெல்லாம் பல வீடு கட்டினால் சிலவற்றைச் சோதித்தால் போதும், இப்போது ஒவ்வொரு புது வீட்டையும் சோதிக்க வேண்டும்.

8-க்குக் கீழே வந்துவிட்டது, தேறிவிட்டோம் என்று மகிழ வேண்டாம். சாப் கணக்கில் 4 என்று போட்டிருந்து சோதனையில் 6.5 வந்தால், அந்த 6.5-ஐப் போட்டுச் சாப்பைத் திரும்ப ஓட்டுவார்கள், அங்கே தோற்கலாம். ஆகவே மதிப்பீட்டாளர் என்ன எண் எழுதியிருக்கிறார் என்பதுதான் உங்கள் உண்மையான வரம்பு.

கசிவு எங்கே என்றால், கண்ணுக்குத் தெரியாத இடங்களில். குளியல் தொட்டிக்குப் பின்னால் கழிவுக் குழாய் சுவரைத் துளைக்கும் இடம், சமையலறைக் கீழ்ப் பெட்டிகளுக்குப் பின்னால், மரச் சட்டங்கள் சுவரில் நுழையும் முனைகள், ஸ்கர்ட்டிங்கின் கீழ், லாஃப்ட் மூடி, பாய்லர் குழாய். பிளாஸ்டர்போர்டைப் பசை உருண்டைகளில் ஒட்டும்போது ஓரம் முழுக்கத் தொடர்ச்சியாகப் பசை இழுக்காவிட்டால் சுவருக்கும் போர்டுக்கும் நடுவே காற்று வீடு முழுக்க ஓடும். கிச்சன் பொருத்தும் முன், குழாய்த் துளைகளை அடைத்த கையோடு, ஒரு முன்சோதனை வையுங்கள். சோதகர் புகைப் பென்சில் பிடித்துக் கசிவைக் காட்டுவார், ஒரு ட்யூப் சீலன்ட்டில் முடிகிற வேலை. அதே கசிவு கிச்சன் பொருத்திய பிறகு தெரிந்தால் பெட்டிகளைக் கழற்ற வேண்டும்.

சோதனை நாளன்று ஜன்னலின் மேல் இருக்கும் ட்ரிக்கிள் வென்ட் என்ற சின்னக் காற்றுத் துவாரத்தையும் எக்ஸ்ட்ராக்ட் ஃபேனையும் தற்காலிகமாக அடைக்கலாம், அனுமதி உண்டு. சிங்க், ஷவர் எல்லாவற்றிலும் தண்ணீர் ஊற்றி வளைகுழாயை நிரப்பி வையுங்கள். உள்கதவுகள் திறந்திருக்க வேண்டும். லாஃப்ட் மூடியைச் சுற்றி டேப் ஒட்டுவது தந்திரம், நல்ல சோதகர் அதைப் பிய்த்துவிட்டுத்தான் தொடங்குவார். பலத்த காற்று வீசும் நாள் என்றால் தள்ளிப்போடுவார், கோபிக்க வேண்டாம். ஆட்மா அல்லது எல்ம்ஹர்ஸ்ட் பதிவு பெற்றவரையே கூப்பிடுங்கள்.

காற்றோட்டம்: எக்ஸ்ட்ராக்ட் ஃபேன்கள்

கசிவை அடைத்துவிட்டோம், இனி மூச்சுவிடுவதற்கு ஃபேன்தான். விட்டுவிட்டு ஓடும் ஃபேன் என்றால் குளியலறைக்கு வினாடிக்கு 15 லிட்டர், டாய்லெட்டுக்கு 6, யூட்டிலிட்டி அறைக்கு 30. சமையலறையில் வெளியே தள்ளும் ஹூட் என்றால் 30, இல்லாவிட்டால் 60. கரி வடிகட்டியில் காற்றைச் சுற்றித் திரும்ப உள்ளேயே விடும் ஹூட் இந்தக் கணக்கில் சேராது. நம் சமையலுக்கும் அது சேராது. மிளகாய் வறுத்த ஒரு நாள் போதும், தெரிந்துவிடும்.

அளப்பது பெட்டியில் அச்சிட்ட எண்ணை அல்ல, பொருத்திய பிறகு உண்மையில் இழுக்கும் காற்றை. நாலு வளைவு வளைந்து தொய்ந்து கிடக்கும் நெளி குழாயில் நல்ல ஃபேனும் பாதி வலிமையை இழக்கும். குறுகிய, நேரான, கெட்டியான குழாய் போடச் சொல்லுங்கள். உள்கதவுகளுக்கு அடியில் தரை விரிப்பு போட்ட பிறகு 10 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அறையின் காற்று ஃபேனுக்குப் போய்ச் சேராது.

இரண்டு விதிகள் மோதும் இடம் ஒன்று உண்டு. ட்ரிக்கிள் வென்ட்டும் விட்டுவிட்டு ஓடும் ஃபேனும் கொண்ட எளிய முறை, கொஞ்சம் கசியும் வீட்டுக்காக வகுத்தது. காற்றுக்கசிவை 5-க்குக் கீழே திட்டமிட்டால், அல்லது சோதனையில் 3-க்குக் கீழே வந்துவிட்டால், அந்த முறை போதும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதாவது பில்டர் ரொம்ப நன்றாக அடைத்ததாலேயே காற்றோட்டத்தில் சிக்கல் வரலாம். இறுக்கமான வீடு கட்டுவது என்று முடிவெடுத்தால் எப்போதும் மெதுவாக ஓடும் ஃபேன்களோ, வெப்பத்தை மீட்கும் எம்.வி.எச்.ஆர். அமைப்போ முதல் வரைபடத்திலேயே வர வேண்டும். அதன் குழாய்களுக்கான இடத்தைப் பிறகு தேடினால் கிடைக்காது.

கடைசியாக, காகிதங்கள்

காற்றுக்கசிவு முடிவு சோதனை நடந்து 7 நாளுக்குள் பில்டிங் கண்ட்ரோலுக்குப் போக வேண்டும். ஃபேன் அளவு கடைசிச் சோதனைக்குப் பின் 5 நாளுக்குள். ஒலி முடிவு, தண்ணீர்க் கணக்கு, கட்டி முடித்த வீட்டுக்கான சாப் ஆகியவை வேலை முடிந்து 5 நாளுக்குள். இந்த இரண்டாவது சாப்பில் உண்மையில் வாங்கிய சாமானும் உண்மையில் வந்த காற்றுக்கசிவு எண்ணும் இருக்கும். அதிலிருந்துதான் 10 வருடம் செல்லுபடியாகும் இ.பி.சி. பிறக்கிறது. எல்லாம் சேர்ந்தால்தான் நிறைவுச் சான்றிதழ். அது இல்லாமல் மார்ட்கேஜ் கொடுப்பவரும் வாங்க வருபவரின் வக்கீலும் நகரமாட்டார்கள். சொந்தக் குடியிருப்புக்காகக் கட்டுகிறவர்கள் வாட் வரியைத் திரும்பக் கேட்க வேலை முடிந்து 6 மாதம்தான் அவகாசம், அங்கேயும் இந்தச் சான்றிதழ் உதவும்.

நான்கையும் ஒரே நிறுவனம் செய்து தரும் இடங்கள் நிறைய. சாப் எழுதியவரே காற்றுக்கசிவையும் அளந்தால் இடையில் தகவல் தொலையாது என்பதால் எனக்கு அதுவே பிடிக்கும். கொட்டேஷன் வாங்கும்போது மறுசோதனைக்கு எவ்வளவு, இறுதிச் சாப்பும் இ.பி.சி.யும் அதே விலையில் அடங்குமா என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். பில்டருடனான ஒப்பந்தத்தில், வேலைக் குறையால் சோதனை தோற்றால் சரிசெய்வதும் மறுசோதனைச் செலவும் அவருடையது என்று ஒரு வரி சேருங்கள். கடைசித் தவணையில் ஒரு பகுதியை நிறைவுச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகே தருவதாகவும் எழுதிக்கொள்ளுங்கள்.